தண்ணி குடிக்காத பொண்ணுங்களும் மில் முதலாளிகளும்

1/ எங்க திண்டுக்கல் பக்கம் மில்லுக்குப் போற பொண்ணுங்க என் ஓ.பி.க்கு அடிக்கடி வர்றது நீர்க்கடுப்போடதான்.

2/ "தண்ணி நிறைய குடிம்மா"ன்னு ஒரு பொண்ணுகிட்ட சொன்னேன். "குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர். சூப்பர்வைசர் கத்துவாரு" என்றது. நான் எழுதுற ஆன்டிபயாடிக் அஞ்சு நாளைக்கு. அதுக்கப்புறம் அதே மில், அதே சூப்பர்வைசர்.

3/ பயிற்சின்னா மெஷின் ஓட்டக் கத்துக் குடுக்கறதுன்னுதான் நினைக்கிறோம். அந்த சூப்பர்வைசருக்கு டார்கெட் குடுத்தோம். ஆளுங்களை எப்படி நடத்தணும்னு யாராவது கத்துக் குடுத்தோமா?

4/ பாடம் நம்ம மாவட்டத்துலயே இருக்குங்க. நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அங்கே சூப்பர்வைசராக இருந்தவர் கைதானார்.

5/ அதன்பின் 2022 ஏப்ரலில் வந்ததுதான் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும், பெண்கள் தலைமையிலான டிடிசியு தொழிற்சங்கமும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகளும் பொறுப்பேற்றன. பாலியல் தொல்லை பற்றி தொழிலாளி, சூப்பர்வைசர், மேலாளர் எல்லாருக்கும் பயிற்சி. 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், பயிற்சி பெற்ற தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள்.

6/ "இதுல வியாபாரத்துக்கு என்ன லாபம்?"னு கேப்பீங்க. 2022 ஜூலையில் கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காட்டி, அந்த ஆலைச் சரக்குக்கு அமெரிக்க சுங்கத்துறை தடை போட்டது. சங்கத்தோடு சேர்ந்து நிறுவனம் எடுத்த நடவடிக்கைகளைப் பார்த்து, செப்டம்பரிலேயே தடையைத் தளர்த்தியது. ஆர்டரைக் காப்பாத்துனது புது மெஷின் இல்லைங்க.

7/ "கத்துக் குடுத்தா வேற மில்லுக்குப் போயிருவாங்க டாக்டர்"னு ஒரு முதலாளி சொன்னார். இப்பவும் போய்க்கிட்டுத்தானே இருக்காங்க? ஒவ்வொரு தடவையும் புது ஆளைப் பிடிச்சு முதல்லேர்ந்து பழக்குறீங்களே, அந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதுறீங்க?

8/ 10 பேர் வேலை பார்க்கிற இடத்துலயே உள் புகார்க் குழு இருக்கணும், விழிப்புணர்வுப் பயிற்சி நடத்தணும் என்பது 2013 சட்டம். நீங்க முதலாளியா இருந்தா, அந்தக் குழுவுல யார் இருக்காங்கன்னு ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்க. பதில் தெரியலைன்னா, பயிற்சியை அங்கேர்ந்து ஆரம்பிங்க.

9/ மில்லுல வேலை பார்க்குற தங்கச்சிகளுக்கு: தண்ணி குடிங்க. பாத்ரூம் போறது உங்க உரிமைம்மா, யாரும் போடுற பிச்சை இல்லை.