பங்காளிச் சண்டையும் பறைச்சேரியும்

"அண்ணே, ஆதித்த கரிகாலனக் கொன்னது யாரு? மதுராந்தகன்தான?"

2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததிலிருந்து எங்கள் காலனிப் பையன்கள் என்னைக் கேட்கிற கேள்வி இது. நான் வரலாற்று வாத்தியார் இல்லை, வங்கியில் கிளார்க். ஆனால் வாரிசுச் சண்டை எனக்குப் பழக்கம். கணக்கு வைத்திருந்தவர் செத்துப்போனால் அண்ணன் மகன் ஒரு பக்கமும் தம்பி மகன் ஒரு பக்கமுமாக என் கவுண்டரில்தான் வந்து நிற்பார்கள்.

மதுராந்தகன் என்கிற உத்தம சோழன் விவகாரமும் அப்படித்தான். அப்பா கண்டராதித்தன் சாகும்போது இவன் சின்னப் பிள்ளை. பட்டம் சித்தப்பன் அரிஞ்சயனுக்குப் போய், அவன் மகன் சுந்தர சோழனுக்குப் போனது. அவன் தன் மூத்த மகன் கரிகாலனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். 'மூத்தவன் பிள்ளை நானிருக்க இது என்ன ஞாயம்?' என்று மதுராந்தகன் கேட்டிருந்தால் தப்பில்லை. கரிகாலன் கொலையுண்டான். உத்தமன் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். சிற்றப்பன் ஆசைப்படும்வரை எனக்கு வேண்டாம் என்று ராஜராஜன் ஒதுங்கி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதை எழுதவைத்தது ராஜராஜனின் மகன் ராஜேந்திரன். ஜெயித்த கட்சியின் வாக்குமூலம்!

நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இந்தப் பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் அக்கறையில்லை தோழர்களே. கல்லில் இருப்பதைப் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி, அனந்தீஸ்வரர் கோயில். அங்குள்ள கல்வெட்டை ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு என்று கொள்கிறார்கள். கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு உத்தரவு வருகிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர்கள்: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பிரம்மாதிராஜன் என்பது பார்ப்பன அதிகாரிகளுக்கு ராஜா கொடுக்கிற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன், ஆகவே இது பாண்டியன் பழிவாங்கியது என்பார்கள். இருமுடிச்சோழன் யார் கொடுத்த பட்டமாம்?

இவர்கள் சொத்தையும் உறவுக்காரர்கள் சொத்தையும் பறித்து விற்க வேண்டும். அதுதான் உத்தரவு. நிறைவேற்றுவது யார்? அதே பார்ப்பன ஊரின் சபை. பட்டத்து இளவரசனைக் கொன்றவர்களின் தலை போனதாக அந்தக் கல்லில் ஒரு வார்த்தை கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, மனுவைவிட ராஜராஜன் ஒரு படி கடுமைதான். எந்தக் குற்றம் செய்தாலும் பார்ப்பானைக் கொல்லாதே, சொத்தோடு நாடுகடத்து என்கிறது மனுஸ்மிருதி. இவன் சொத்தையாவது பிடுங்கினான்.

இதே ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் நிலக் கணக்கு சுவரில் இருக்கிறது. வரி வராத நிலத்தைக் கழிக்கிறார்கள்: ஊர் நத்தம், கோயில், குளம், சுடுகாடு, பறைச்சேரி, சில ஊர்களில் தீண்டாச்சேரி. கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கழித்தல் நன்றாகப் புரிகிறது. கொலைகாரனுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது. சேரியில் இருந்தவனுக்கு அந்த வரியில் பெயரில்லை. அவன் சுடுகாட்டோடு சேர்த்துக் கழிபட்ட நிலம். சிம்மாசனத்தில் உத்தமன் உட்கார்ந்திருந்தால் இந்தக் கழித்தல் நின்றிருக்குமா? அவன் ஆண்ட காலத்திலும் அவன் கீழே சதுர்வேதிமங்கலங்கள் இருக்கத்தானே செய்தன?

இதைப் பேசினால் சும்மா விடமாட்டார்கள். 2019இல் ராஜராஜன் காலத்து நிலப்பறிப்பு பற்றித் திருப்பனந்தாளில் பேசியதற்காக இயக்குநர் பா. ரஞ்சித் மேல் வழக்குப் போட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, எதிரி செய்வது. எனக்கு வலிப்பது வேறு. ஐப்பசி சதயம் வந்தால் ராஜராஜன் எங்க சாதி என்று ஆளாளுக்கு பேனர் கட்டுகிறார்கள். அந்த வரிசையில் நம்ம பையன்களும் போய் நிற்கிறார்கள். போன வருஷம் எங்கள் தெருவிலேயே என்னிடம் ஐந்நூறு ரூபாய் கேட்டு வந்தார்கள். தரமாட்டேன் என்றேன்.

"அவங்க மட்டும் வைக்கலாமா அண்ணே? நாங்க மட்டும் எப்பவும் அடிமைன்னே சொல்லிட்டுத் திரியணுமா?"

கேட்டவன் காலேஜில் படிக்கிறவன். அந்தக் கோபத்தை என்னால் தள்ள முடியவில்லை. முன்னூறு வருஷப் பரம்பரை என்று மீசை முறுக்குகிறவன் நடுவில் இவன் எதைக் காட்டுவான்? 'தீண்டாச்சேரி' என்று வெட்டின கல்லையா?

பேனருக்குப் பணமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் வா, பஸ் சார்ஜ் என்னோடது என்றேன். யோசிச்சுச் சொல்றேன் என்று போனான். இன்னும் சொல்லவில்லை.