வீடு பார்க்கப் போகிறவர் ஏணியையும் பார்க்கட்டும்



நெய்வேலி நகரியத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நிறுவனம் கொடுத்த குடியிருப்பிலேயே வாழ்ந்துவிடுகிறோம். தளம் ஒழுகினால் எழுதிக் கொடுக்கிறோம். என்றாவது ஒரு நாள் ஆள் வந்து பார்க்கிறார். வீட்டின் உச்சி எப்படி இருக்கும் என்று நாம் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே அநேகமாக எழுவதில்லை. பணி ஓய்வு வந்ததும் இந்த நிலை மாறுகிறது. கொல்லையில் நாம் நட்ட பலாமரத்தை விட்டுவிட்டுச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அப்பொழுதுதான் இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி என்று சொந்த வீடு தேடும் படலம் தொடங்குகிறது.

வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொட்டி வாங்கும் வீடாயிற்றே! குடும்பத் தலைவர் எதையும் விட்டு வைப்பதில்லை. சுவரைத் தட்டுகிறார். கதவை அசைத்துப் பார்க்கிறார். குழாயைத் திறந்து நீரின் நிறத்தை நோக்குகிறார். இறுதியில், "மேல்தளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே" என்கிறார். மாடிப்படி இல்லாத வீடாக இருந்தால் தரகர் எங்கிருந்தோ ஓர் ஏணியைக் கொண்டு வந்து சாத்துகிறார். அறுபது வயதைத் தொட்டவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுகிறார். இம்மாதம் நாம் பேசப் போவது அந்த ஏணியைப் பற்றித்தான்.

இதில் வியப்பு என்னவென்றால், இப்படி ஏறுகிறவர் உயரத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர் அல்லர். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ பல்லாண்டு பணி செய்தவர். அங்கே தலைக்கவசம் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. உயரத்தில் வேலை என்றால் எழுத்து மூலம் அனுமதி, இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை, கீழே துணைக்கு ஓர் ஆள் என்று எத்தனையோ கட்டுப்பாடுகள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், விழக்கூடிய உயரத்தில் ஒருவர் வேலை செய்ய நேர்ந்தால் வேலியிட்டோ வேறு வகையிலோ அவருக்குப் பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்று வகுத்திருந்தது.   சட்டமே அவ்வாறு கவலைப்பட்டிருக்க, கைப்பிடிச் சுவரை நோக்கி நாம் வெறுங்கையோடு ஏறுகிறோம். தொழிற்சாலை வாசலைக் கடந்ததும் அந்த ஒழுங்கையும் அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறோம் போலும்.

பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஒரு விநாடி கூட ஆவதில்லை. முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதல். தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். "வழுக்கினால் எதையாவது பிடித்துக்கொள்வேன்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இது ஏணியிலிருந்து விழுந்தவர்களை மட்டும் குறிக்கும் கணக்கு அன்று. எல்லா வகை வீழ்ச்சிகளும் இதில் அடங்கும். ஆனால் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதை அந்நிறுவனம் தெளிவாகவே கூறுகிறது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இப்படித்தான் வடலூர்ப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனார். முதல் நாள் மழை. சிமெண்டுத் தரையில் மூங்கில் ஏணி. தரகர் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் ஒன்பதாவது படியில் இருக்கும்போது தரகரின் கைப்பேசி ஒலித்தது. அவர் ஒரு கையை எடுத்தார். உடம்பும் சற்றுத் திரும்பியது. ஏணியின் அடி தரையில் வழுக்கி வெளியே ஓடிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. எட்டு மாதம் பிறர் கைத்தாங்கலில் எழுந்து உட்கார்ந்தார். நாற்காலியில் அமர்ந்து தொழுதார். வீட்டுக்கென வைத்திருந்த தொகையில் பெரும் பகுதி மருத்துவத்துக்குப் போயிற்று. இளைய மகளின் நிக்காஹ் ஓராண்டு தள்ளிப் போனது. அந்த வீட்டை வேறொருவர் வாங்கினார். மேல்தளத்தில் ஒரு குறையும் இல்லையாம்!

ஆகவே, வீட்டைச் சோதிக்கும் முன் ஏணியைச் சோதியுங்கள். பிறர் வீட்டு ஏணி எத்தனை மழையில் நனைந்தது, எத்தனை கோடையில் காய்ந்தது என்பது நமக்குத் தெரியாது. மூங்கில் ஏணியாக இருந்தால் முதலில் தரையில் படுக்க வையுங்கள். காலின் அடியிலும் கணுக்களிலும் மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே பூச்சி துளைத்து மூங்கில் உளுத்துவிட்டது என்று பொருள். அதில் ஏறவே கூடாது. ஒவ்வொரு படியையும் கையால் திருகிப் பாருங்கள். கட்டிய கயிறு இற்றிருக்கிறதா, ஆணி துருவேறி அசைகிறதா என்று கவனியுங்கள். மர ஏணிக்குப் பளபளவென்று வண்ணம் அடித்திருந்தால் மகிழ்ந்து போகாதீர்கள். வண்ணம் வெடிப்புகளை மறைத்துவிடும்; விவரம் அறிந்தவர்கள் மர ஏணிக்கு வண்ணம் பூசுவதில்லை. அலுமினிய ஏணியில் எல்லாக் கால்களின் ரப்பர்க் குமிழ்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தாலும் வழவழப்பான தரையில் ஏணி நிற்காது.

அடுத்தது சாய்மானம். சுவரில் ஏணி தொடும் இடம் 12 அடி உயரம் என்றால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். உயரத்தில் நான்கில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அளவுகோல் இல்லையே என்பவர்களுக்கு ஓர் எளிய வழி: கால் விரல்கள் ஏணியின் அடியைத் தொடும்படி நேராக நின்று, கைகளைத் தோள் மட்டத்தில் முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை ஏணிப்படியில் பதிந்தால் சாய்வு சரி. கைக்கு எட்டவில்லை என்றால் ஏணி மிகவும் சாய்ந்து கிடக்கிறது, அடி வழுக்கும். முழங்கையை மடக்க வேண்டியிருந்தால் மிகவும் நிமிர்ந்து நிற்கிறது. ஏறுபவரோடு பின்னால் சாயும்.

மேல்தளத்தில் இறங்க வேண்டுமானால் ஏணி கைப்பிடிச் சுவருக்கு மேல் மூன்றடியாவது நீண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். சுவரின் விளிம்போடு ஏணி முடிந்துவிடுவதால், பிடிக்க ஒன்றுமில்லாமல், வயிற்றைச் சுவரில் தேய்த்துக்கொண்டு உள்ளே தாவுகிறோம். தாவி ஏறிவிடலாம், திரும்பி இறங்கும்போது காலைப் பின்னால் விட்டுப் படியைத் துழாவ வேண்டுமே, அப்பொழுதுதான் ஏணி பக்கவாட்டில் நழுவுகிறது. மேலே ஏறியதும் ஏணியின் தலையைக் கயிற்றால் எதிலாவது கட்டிவிடுவது நல்லது. அதுவரை கீழே இருப்பவர் இரு கைகளாலும் பிடித்திருக்க வேண்டும். கைப்பேசியை அவர் வண்டியிலேயே வைத்துவிட்டு வரட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியை நோக்கியிருக்க, இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியைத் தொட்டிருக்க வேண்டும். டார்ச் விளக்கு, அளவு நாடா எல்லாம் தோளில் மாட்டிய பையில் இருக்கட்டும்.

மின்கம்பி இருக்கும் பக்கம் ஏணியைக் கொண்டே போகாதீர்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியை அலுமினிய ஏணி தொட்டால் என்ன ஆகும் என்று மின் நிலைய ஊழியர்களின் குடும்பத்துக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பின்கட்டிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் போடப்பட்டிருக்கும் சிமெண்டு ஷீட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. வெயிலும் மழையும் பட்ட ஷீட் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆள் பாரம் பட்டவுடன் அப்பளம் போல் நொறுங்கும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடும் நின்று பார்க்கும் மேடை அன்று. மாடி அறையின் மேலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குச் செல்ல, சுவரில் பதித்த இரும்புப் படிகள் சில வீடுகளில் உண்டு. அவை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் துரு தின்னும், வெளியே தெரியாது.

"இவ்வளவும் பார்த்தால் வீடு பார்த்து முடித்தாற்போலத்தான்" என்று ஒரு சகோதரர் சிரிக்கக் கூடும். அவருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்குவோர், வீட்டைச் சோதித்துச் சொல்வதற்கென்றே உள்ள ஆய்வாளரைக் கூலிக்கு அமர்த்துகின்றனர். வீட்டின் உச்சிக்கு ஏறிப் பார்ப்பதே அன்றாடப் பிழைப்பாக உள்ளவர்கள் அவர்கள். அத்தொழிலின் விதிமுறைகள், ஆபத்து என்று தோன்றினால் கூரை மேல் ஏற வேண்டிய கடமை ஆய்வாளருக்கு இல்லை என்று கூறுகின்றன. கூரையை எவ்வாறு பார்த்தார் என்பதை அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். கூலி வாங்கும் தொழிலாளிக்கே அந்த உரிமை இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவருக்கோ, "ஏற மாட்டேன்" என்று தரகர் முன்னால் சொல்ல வெட்கம்!

ஏறாமலே அறியக் கூடியவை எவ்வளவோ உள்ளன. மழை பெய்த மறுநாள் வீடு பார்க்கப் போனால், தளம் ஒழுகுகிறதா என்பதை உள்ளே நின்றபடியே கூரையின் அடியில் காணலாம். புதிதாக ஓரிடத்தில் மட்டும் வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அடுத்த வீட்டாரின் அனுமதி பெற்று அவர்கள் மாடியிலிருந்து நோக்கினால் தட்டோடு பெயர்ந்திருப்பதும், மழைநீர்க் குழாயின் வாய் அடைந்து நீர் தேங்கியிருப்பதும் தெரிந்துவிடும். நீண்ட கழியில் கைப்பேசியைக் கட்டிப் படம் எடுத்துவரப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், சொந்த ஏணியும் பழக்கமும் உள்ள ஒரு கொத்தனாருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அவருக்கும் மேற்சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையும் பொருந்தும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. தடுப்பில்லாத மேல்தளத்தில் இரவு உறங்குபவரைக் குறித்து எச்சரிக்கும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது, பேரீச்ச மரத்தின் தண்டுகளால் படி அமைந்த ஒரு மேலறையில் தங்கியிருந்ததையும், நலம் விசாரிக்க வந்த தோழர்களுக்கு அமர்ந்த நிலையிலேயே தொழுகை நடத்தியதையும் புகாரியில் காண்கிறோம். மேல்தளமும் படியும் விழுதலும் அந்த அன்றாட வாழ்விலும் இருந்தன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதைப் பற்றி மேடை தோறும் கேட்கிறோம். ஏணியைக் கட்டுவதும் அதில் சேர்ந்ததே.

சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஏணி அநேகமாக உங்கள் கையில்தான். பெருநாளுக்கு முன் ஒட்டடை அடிக்கவும், பரணிலிருந்து பெரிய தேக்சாவை இறக்கவும் நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறுகிறீர்கள். மடக்கு ஏணி வாங்குவது ஒன்றும் ஆடம்பரம் அன்று. அதை முழுவதும் விரித்து, நடுத் தாங்கியைப் பூட்டி, உச்சியிலுள்ள இரண்டு படிகளில் நிற்காமல் பயன்படுத்துங்கள். பர்தாவோ சேலையோ காலில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். ஒளூ செய்த ஈரக் காலோடு ஏறாதீர்கள். நோன்புக் காலத்தில், குறிப்பாக அஸர் நேரத்தில், தலை சுற்றும் வாய்ப்பு அதிகம். அந்த வேலையை நோன்பு தொடங்குமுன் ஷஅபானிலேயே முடித்துவிடலாம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து உண்பவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் ஏறவே வேண்டாம்.

புயல் ஓய்ந்த காலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது நெய்வேலியின் நிழல் மரங்கள் எத்தனை வேரோடு சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காற்று அடங்கியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றியது, தளம் என்ன ஆயிற்று, தொட்டி இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பதுதான். மரக்கிளை கம்பியில் தொங்கும், தரை சேறாக இருக்கும், சுவர் ஊறியிருக்கும், ஏணி நனைந்திருக்கும். ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்து, தரை காயும் வரை காத்திருப்பதால் வீடு கரைந்து போய்விடாது.

எல்லாவற்றையும் மீறி ஒருவர் விழுந்துவிட்டால், பதறிப் போய்க் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீரும் புகட்ட வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாதபடி விழுந்த இடத்திலேயே படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சிலர் தாமாக எழுந்து, "ஒன்றுமில்லை" என்று தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தலையில் அடிபட்டிருந்தால் அந்தச் சொல்லை நம்பிவிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின் உடனே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மற்றவரையும் அன்று இரவு தனியே உறங்க விடாமல் ஒருவர் உடனிருந்து பாருங்கள். வாந்தி, தீராத தலைவலி, பேச்சில் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவானாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.