பலகையைப் பிரிக்காதீங்க பாஸ்!

கொடைக்கானல்னு சொன்னதும் உங்க மண்டைக்குள்ள என்ன ஓடும்? போட்டிங், வாடகை சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட், 2024-ல வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' புண்ணியத்துல குணா குகை. சிவில் டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு மட்டும் கூடவே இன்னொண்ணும் கண்ணுல படும். பில்லர் எழும்பி, துருப்பிடிச்ச கம்பி வானத்தைப் பார்த்துக்கிட்டு, பாதியில நிக்கிற கட்டடங்கள். ஏரியில பெடல் போட்டுக்கிட்டே அதை எண்ணுற ஜென்மம் நாங்க!

பில்டிங் கான்ட்ராக்ட் தொழில்ல 'மார்க்கெட் டல்'னு அடிக்கடி சொல்வாங்க. சமவெளியில டல்லுன்னா ஆர்டர் குறையும், அவ்வளவுதான். மலையில? கொஞ்ச வருஷத்தைப் புரட்டிப் பாருங்க. 2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. சனிக்கிழமை சாயங்காலம் கையில ரொக்கமா கூலி கொடுக்கிற தொழில் இது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்து சிமென்ட்டுக்கு 28 சதவீதம் போட்டாங்க (அது 18 ஆகக் குறைஞ்சது 2025 செப்டம்பரில்தான்). அதே 2017 நவம்பரில் மணல் குவாரிகளை ஆறு மாசத்துக்குள்ள மூடச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல், மரம் விழுந்து ரோடு கட். 2019-ல் விதி மீறிய கட்டடங்களுக்கு சீல். 2020-ல் கொரோனா வந்து மாசக்கணக்குல டூரிஸ்ட்டே கிடையாது. நாலு வருஷத்துல இத்தனை! தனுஷ் படத்துல ஹீரோகூட இவ்வளவு அடி வாங்க மாட்டார்.

சரி, இதுல யார் பிழைப்பாங்க? நிறைய ஆர்டர் வச்சிருக்கிறவங்கன்னுதான் பலரும் நினைப்போம். கணக்குப் போட்டால் வேற விடை வருது. போட்ட காசு யாருக்குச் சீக்கிரம் திரும்பி வருதோ, அவங்கதான் நிக்கிறாங்க.

மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு மினி கிளாஸ், தூங்காமக் கேளுங்க. தளம் போடணும்னா முதல்ல பலகையோ தகரமோ பரப்பி, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்தணும். இதுதான் சென்ட்ரிங். அதுக்கு மேல கம்பி கட்டி, கான்கிரீட் ஊத்தி, அது இறுகி தன் எடையைத் தானே தாங்குற வரைக்கும் முட்டைத் தொடக்கூடாது. எத்தனை நாள்? நம்ம நாட்டு கான்கிரீட் விதிப் புத்தகம் ஐ.எஸ். 456, நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டை எடுக்க 7 நாள், அதுக்கு மேல நீளம்னா 14 நாள் என்கிறது. பரீட்சையில இதை மட்டும் எழுதினாலே மார்க் விழும். ஆனா அதே இடத்துல ஒரு நிபந்தனையும் இருக்கு. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டாக இருக்கணும், சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. இல்லைன்னா நாளைக் கூட்டிக்கணும்.

ஏழாயிரம் அடி உயரத்துல, மே மாச ராத்திரியிலயே ஸ்வெட்டர் தேடுற ஊர்ல 15 டிகிரிக்கு எங்கே போக? அங்கே வருஷம் முழுக்க ராத்திரி அதுக்குக் கீழேதான். ஜனவரியில புல்லு மேல உறைபனியே படியும். குளிர்ல சிமென்ட் மெதுவாத்தான் இறுகும். அது கெமிஸ்ட்ரி, கான்ட்ராக்டர் கெஞ்சினாலும் கேட்காது.

இப்ப காசுக் கணக்கு. ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். பலகை அடிக்கிறதுல இருந்து பிரிக்கிற வரைக்கும் கீழே மதுரையில ஒரு தளத்துக்கு 20 நாள், மேல கொடையில 30 நாள். கையில ஒரே ஒரு செட் சென்ட்ரிங். 180 நாள்ல மதுரைக்காரர் 9 தளம் போட்டுடுவார், கொடைக்காரர் 6 தான். ஆனா பலகை வாடகை, வேலையாட்கள் தங்குற ஷெட், இன்ஜினீயர் சம்பளம், கடனுக்கு வட்டி எல்லாம் 180 நாளுக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். வீட்டு ஓனர் தர்ற பணமோ பேஸ்மென்ட்டுக்கு இவ்வளவு, ரூஃபுக்கு இவ்வளவுன்னு கட்டம் கட்டமாத்தான் வரும். பலகை மாட்டிக்கிட்டுக் கிடக்கிற வரைக்கும் பணமும் மாட்டிக்கிட்டுக் கிடக்கும்.

அந்த 180 நாளாவது முழுசாக் கிடைக்குமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஏப்ரல், மே சீசன்ல ரூம் எல்லாம் ஃபுல், லாட்ஜ் ஓனர் சுத்தியல் சத்தத்தையே அனுமதிக்க மாட்டார். மணலும் கம்பியும் கீழே இருந்து ஏறணும். பழனியிலிருந்து 65 கிலோமீட்டர், கொடை ரோடு ஸ்டேஷன்லேருந்து 80. கார் வரிசைக்குப் பின்னாடி லாரி ஊர்ந்து வந்து சேர்றதுக்குள்ள மேஸ்திரி டீ குடிச்சு முடிச்சு, ரெண்டாவது டீயும் குடிச்சிருப்பார். (1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் ரெண்டு பங்களா கட்டினப்போ இந்த ரோடுகூட இல்லை. எல்லாமே மனுஷன் சுமந்து ஏத்தினதுதான். அவங்க கூலி பில்லை யாராவது வச்சிருந்தா செம ப்ராஜெக்ட் பண்ணலாம்.)

இந்த இறுக்கத்துல ரெண்டு குறுக்கு வழி கண் சிமிட்டும்.

ஒண்ணு, அனுமதி இல்லாம ஒரு மாடி ஏத்துறது. இதுக்கு கொடைக்கானல்ல பெரிய வரலாறே இருக்கு. ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் அளவுக்கு மேல மாடி கட்டின விவகாரத்தை பழனி மலைப் பாதுகாப்புக் குழு கோர்ட்டுக்குக் கொண்டுபோய், 1995-ல் அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. அதே ஓட்டலுக்கு விதிவிலக்கு தந்த வழக்கில் 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை விதிக்கப்பட்டு, 2001-ல் ஐகோர்ட் அவரை விடுதலை செய்தது. தண்டனை வந்த அன்னிக்கு தர்மபுரியில பஸ்ஸுக்குத் தீ வச்சதுல மூணு பேர் செத்துப் போனாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள், நம்ம வயசுப் பொண்ணுங்க. எத்தனையோ மைல் தள்ளி இருக்கிற ஒரு ஓட்டலோட மாடிக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? தொழில் கணக்குப்படி பார்த்தாலும், சீல் வச்ச கட்டடம் வாடகை தராது, வட்டி மட்டும் கேட்கும்.

ரெண்டாவது குறுக்கு வழி, முட்டைச் சீக்கிரம் உருவுறது. இதுல அடிபடப் போறது ஓனர் இல்லை. கீழே நின்னு பலகையைப் பிரிக்கிற அண்ணன்களும், பூச்சு வேலைக்குக் கலவை தூக்குற அக்காக்களும்தான். 'எடுக்கலாம்'னு தலையாட்டச் சொல்லி நிர்ப்பந்திக்கப்படுறது யார்னு நினைக்கிறீங்க? போன வருஷம் பாஸ் ஆகி, முதல் மாச சம்பளத்துக்குக் காத்திருக்கிற சைட் இன்ஜினீயர். அதாவது, நம்ம சீனியர். அடுத்தது நாம.

பெரிய கம்பெனிக்கு இந்த மூச்சுமுட்டல் வராதுன்னு நினைக்காதீங்க. பிரிட்டனின் ரெண்டாவது பெரிய கட்டுமான நிறுவனமான கேரில்லியன், 2018 ஜனவரி 15-ல் ஒரேயடியா மூடப்பட்டது. அப்போ கடனும் பாக்கியும் சேர்ந்து கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு, கையில இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு. சின்ன சப்-கான்ட்ராக்டர்களுக்கு 120 நாள் வரைக்கும் பணத்தை இழுத்தடிச்ச கம்பெனி அது. வேலையில்லாம அது சாகலை. பர்மிங்காம் பக்கத்துல அவங்க பாதியில விட்ட ஒரு ஆஸ்பத்திரி 2024 அக்டோபரில்தான் திறந்தது.

அப்போ மலையில தாக்குப்பிடிக்க என்ன வழி? எனக்குத் தோணுறது, பெரிய வேலை ஒண்ணுக்குக் காத்திருக்காம சின்ன வேலை பத்து எடுக்கிறது. டூரிஸ்ட் குறைஞ்சா லாட்ஜ் ஓனர் புது ரூம் கட்டுறதைத் தள்ளிப் போடுவார். ஒழுகுற தகரக் கூரையைத் தள்ளிப் போட முடியாது. மழைக்குச் சரிஞ்ச தடுப்புச் சுவர், ஈரம் ஏறின கல் சுவர், அடைச்சுக்கிட்ட வடிகால்... எல்லாத்துலயும் ரெண்டு மூணு வாரத்துல கைக்குக் காசு வரும். புதுசா மாடி ஏத்துற வேலை இல்லைங்கிறதால அனுமதிச் சிக்கலும் குறைவு. 2025 ஏப்ரல்லேருந்து வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 வண்டிதான்னு ஐகோர்ட் அளவு வச்ச ஊர்ல, புது ரூமைவிட பழைய ரூமைச் சரிபண்ற வேலைக்குத்தான் மவுசு கூடும்னு என் கணிப்பு. கெத்து குறைவுதான். 'என்ன ப்ராஜெக்ட் பண்றே?'னு மாமா கேட்டா, 'ஒழுகல் பார்க்கிறேன் மாமா'னு சொல்றது கொஞ்சம் கஷ்டம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கட்டுமானக் கம்பெனி வந்தா, சம்பளம் கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "சார், உங்க சைட்ல முட்டை எடுக்கச் சொல்றது யாரு? ஓனரா, இன்ஜினீயரா?" பதில் வர்ற வேகத்தைக் கவனிங்க.

அடுத்த வாரம் எனக்கு ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பரீட்சை. இந்தப் பக்கத்துக்கு ஒரு வாரம் லீவு விடுங்க பாஸ்!