நோயர்க்கு விளங்கும் சொல்லும் மருந்தே!

'ஆர்ட் பெயிலியர்' என்கிறார் மருத்துவர். நோயர் நடுங்குகிறார். 'பெயில்' என்றால் தோல்வி என்பதே அவர் அறிந்த பொருள். உயிர்நிற்கும் வேளை வந்துவிட்டதென்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இதயச் செயலிழப்பு' என எழுதும் தாள்களும் அவ்வச்சத்தையே விதைக்கின்றன.

உண்மை யாது? நெஞ்சாங்குலை நின்றுவிடவில்லை, உடலுக்கு வேண்டுமளவு குருதியை இறைக்கும் ஆற்றல் அதற்குக் குறைந்துள்ளது. அதனால் உடலில் நீர் தேங்குகின்றது, கால் வீங்குகின்றது, படுத்தால் மூச்சு முட்டுகின்றது. 'நெஞ்சாங்குலைத் தளர்ச்சி' எனின், பாதி விளக்கம் பெயரிலேயே அடங்கிவிடும்.

இந்நோயரை மருத்துவர் காண்பது திங்களில் ஒரு சிறு பொழுதே. எஞ்சிய நாளெல்லாம் அவரைக் காப்பது அவர்தம் அறிவு. நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், எடை பார்த்துக் குறித்தல் வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு கிழமைக்குள் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால், அது கொழுப்பன்று. பெரும்பாலும் தேங்கிய நீரே. உடனே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பைக் குறைத்தல் வேண்டும். மருத்துவரைக் கேளாமல் வலிமாத்திரை விழுங்கலாகாது. வீக்கம் வற்றியதென்று மருந்தை நிறுத்தலாகாது. இவற்றுள் எதைச் சொல்ல ஆங்கிலம் வேண்டும்? ஆயினும் வீடு திரும்பும் நோயர் கையில் பெரும்பாலும் இருப்பது ஆங்கிலச் சீட்டே!

தமிழால் இயலுமா என்பார்க்கு மானிப்பாய் விடை கூறும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், அங்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயலவர்க்கு இயன்றது நம்மவர்க்கு இயலாதோ?

ஆங்கிலத்தை அகற்றிவிட்டு அருஞ்சொற்களை அடுக்குவதும் தொண்டாகாது. தனித்தமிழ் என்பது புலவர்க்கு மட்டும் விளங்கும் தமிழன்று. எழுதிய தாளை, எழுத்தறியா மூதாட்டி ஒருவர்க்குப் படித்துக் காட்டுக. கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லுமாறு வேண்டுக. அவர் தடுமாறினால் குற்றம் அவருடையதன்று, தாளினுடையது. மீண்டும் எழுதுக. பெரிய எழுத்து, சிறிய வரி, வீங்கிய காலுக்கு ஒரு படம், காலை மருந்துக்குக் கதிரவன், இரவு மருந்துக்கு நிலவு என அத்தாள் அமைதல் வேண்டும்.

மருத்துவர் பொருள் தருக! தமிழாசிரியர் சொல் தருக! நோயர் தீர்ப்புத் தருக! தன் நோயைத் தன் தாய்மொழியில் அறிதல் எவரும் இடும் இரவலன்று, நோயரின் உரிமை.