வீட்டுக்குப் போகாத கிறிஸ்துமஸ்



டிசம்பர் இதழ் தயாராகும் நாட்களில் எங்களுக்கு வரும் கடிதங்களில் கேக்கும் குடிலும் கேரல் பாடல்களும் நிறைந்திருக்கும். இம்முறை கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் மட்டும் 2020ஆம் ஆண்டு கிறிஸ்துமஸைப் பற்றியது. “சொன்ன விதிகளைக் கேட்டு அந்த வருஷம் அப்பா அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தோம். அதெல்லாம் வீண் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். உண்மையிலேயே வீண்தானா?” என்று கேட்டிருக்கிறார். இரண்டு வரியில் பதில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. இந்தப் பக்கத்தையே அதற்கு ஒதுக்குகிறேன்.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் பிரிட்டன் அரசு மக்களுக்கு ஒரு நம்பிக்கை கொடுத்திருந்தது. டிசம்பர் 23 முதல் 27 வரை ஐந்து நாட்கள் மூன்று வீட்டார் ஒன்றுகூடலாம் என்றார்கள். மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்காத பெற்றோர்கள் நாள் எண்ணத் தொடங்கினார்கள். ஆனால் கென்ட் மாவட்டத்தில் கொரோனாவின் புதிய உருமாற்றம் ஒன்று வேகமெடுத்துக்கொண்டிருந்தது. பின்னாளில் ஆல்ஃபா என்று பெயர் பெற்றது அதுதான்.

டிசம்பர் 15 அன்று பிஎம்ஜே, ஹெச்எஸ்ஜே என்ற இரண்டு மருத்துவத் துறை இதழ்கள் கூட்டாக ஒரே தலையங்கத்தை வெளியிட்டன. இந்தத் தளர்வைக் கைவிடுங்கள், மருத்துவமனைகள் தாங்காது என்பது அதன் சாரம். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இந்த இரு இதழ்களும் சேர்ந்து தலையங்கம் எழுதியது அது இரண்டாவது முறைதான். ஊரே ஏங்கிக் காத்திருக்கும் பண்டிகையை ‘வேண்டாம்’ என்று அச்சில் சொல்வது எத்தனை கடினம் என்பது பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அந்த ஆசிரியர்கள் செய்தது பெரிய காரியம்.

பிரதமர் போரிஸ் ஜான்சன் கேட்கவில்லை. கிறிஸ்துமஸை ரத்து செய்வது மனிதத்தன்மையற்ற செயல் என்று மறுநாள் பேசினார். அடுத்த மூன்றாம் நாள், 19ஆம் தேதி சனிக்கிழமை, அவரே தொலைக்காட்சியில் தோன்றி அதை ரத்து செய்தார். லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தின் பெரும் பகுதியும் அன்று நள்ளிரவு முதல் நான்காம் நிலைக் கட்டுப்பாட்டுக்குள் போயின. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் கால்வைக்கக் கூடாது. இங்கிலாந்தின் பிற பகுதிகளில் ஐந்து நாள் தளர்வு கிறிஸ்துமஸ் ஒரு நாளாகச் சுருங்கியது. அந்த இரவு செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு முண்டியடித்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தவறு அந்தக் கூட்டத்தினுடையது அல்ல. மூன்று வாரத்துக்கும் மேலாக ‘போகலாம்’ என்று சொல்லிவிட்டுச் சில மணி நேரத்தில் கதவை அடைத்தவர்களுடையது.

வேறு விதமாகவும் செய்திருக்க முடியும். ஜெர்மனியில் ஏங்கெலா மெர்க்கெல் டிசம்பர் 9 அன்றே நாடாளுமன்றத்தில் மன்றாடிவிட்டார். முந்தைய 24 மணி நேரத்தில் 590 பேர் இறந்திருந்தார்கள். இப்போது அதிகம் பேரோடு கலந்து பழகி, அதனால் இதுவே தாத்தா பாட்டியோடு கொண்டாடும் கடைசி கிறிஸ்துமஸாக ஆகிவிட்டால் நாம் ஏதோ தவறவிட்டவர்களாவோம் என்ற பொருளில் பேசினார். எதற்கும் கலங்காதவர் என்று பெயர் எடுத்தவரின் குரல் அன்று தழுதழுத்தது. அடுத்த வாரமே கடைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. மக்கள் அங்கும் வருந்தினார்கள். ஆனாலும் தயாராவதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் நாள் இருந்தது.

கடிதம் எழுதிய வாசகியின் பெற்றோர் டூட்டிங்கில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள், எழுபது கடந்தவர்கள். தனியாக வாழும் ஒருவர் வேறொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்று விதியில் ஓர் இளக்கம் இருந்தது. இவர்கள் இரண்டு பேர் என்பதால் அதுவும் பொருந்தவில்லை. வீட்டு முன்தோட்டத்தில் நின்று பேசவும் அனுமதி இல்லை. பொதுப் பூங்காவில், ஒருவர் இன்னொருவரை மட்டும் சந்திக்கலாம். எனவே கிறிஸ்துமஸ் அன்று கணவரையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு இவர் மட்டும் போனார். ரவையும் முந்திரியும் பூசணிக்காய் இனிப்பும் போட்டுச் செய்த ரிச் கேக்கைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி ஒரு தகர டின்னில் அடுக்கி எடுத்துப் போயிருக்கிறார். பூங்கா பெஞ்சின் ஒரு முனையில் டின்னை வைத்துவிட்டு இவர் தள்ளி நின்றார். அப்பா வந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு அப்பா வீட்டுக்குப் போக, அதன் பிறகு அம்மா வந்தார். “குளிருக்குள்ள கனநேரம் நிக்காத பிள்ளை, வெளிக்கிடு” என்று அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் செய்தது வீணில்லை. காரணம் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பு, டிசம்பர் 8 அன்று, கோவென்ட்ரி மருத்துவமனையில் 90 வயது மார்கரெட் கீனனுக்கு ஃபைசர் தடுப்பூசி போடப்பட்டது. சோதனைகளுக்கு வெளியே அந்தத் தடுப்பூசியை உலகில் முதலில் பெற்றவர் அவர். அதற்குப் பிறகு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, பிப்ரவரி 14க்குள் பிரிட்டனில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு முதல் ஊசி போட்டுவிட்டார்கள். எழுபது வயதைக் கடந்த எல்லோரையும் அதற்குள் அழைத்திருந்தார்கள். அதாவது, கிறிஸ்துமஸுக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கு ஊசிக்கான அழைப்பு வந்ததற்கும் இடையே இருந்தது அதிகம் போனால் ஏழு வாரம் சொச்சம். அந்த ஏழு வாரத்தில் என்ன நடந்தது? ஜனவரி 4 அன்று மீண்டும் முழு ஊரடங்கு அறிவித்தார்கள். ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,820 மரணங்கள் பதிவாயின. அந்த மாதம் முடிவதற்குள் மொத்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெருந்தொற்றின் மிகக் கொடிய வாரங்களில், ஊசி வருவதற்குச் சற்று முன்பு, உங்கள் வீட்டுக் குழந்தைகள் தாத்தா பாட்டியைக் கட்டிப்பிடிக்காமல் இருந்தார்கள். எத்தனையோ பெற்றோர் அப்படித்தான் பிப்ரவரி வரை வந்து சேர்ந்தார்கள்.

வீணாயிற்று என்ற எண்ணம் மக்கள் மனதில் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. விதி எழுதியவர்களின் அலுவலகத்திலேயே விருந்துகள் நடந்தன. ஊருக்கெல்லாம் கூடாதென்ற அதே டிசம்பரில், பிரதமர் அலுவலகம் இருக்கும் டவுனிங் தெருவில் ஒரு விருந்தைப் பற்றி ஊழியர்கள் சிரித்துப் பேசிய காணொளி ஓராண்டு கழித்து வெளியே வந்தது. விசாரணை முடிவில் லண்டன் போலீஸ் 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது. பிரதமரும் நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்கும் 2020 ஜூனில் நடந்த ஒரு கூடுகைக்காக அபராதம் கட்டினார்கள். முதியோர் இல்லத்தின் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு மகனுக்கு இது எப்படி வலித்திருக்கும்! அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அவர்கள் விதியை மீறியதால் விதி பொய்யாகிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிருமிக்குப் பதவி தெரியாது.

லண்டனுக்குப் போகிறவர்கள், நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய மதிலைத் தவறாமல் பாருங்கள். 2021 மார்ச்சில் தொடங்கி, தேம்ஸ் கரையில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்கு, கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் என்று கையாலேயே வரைந்திருக்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல். பெயின்ட் மங்கும்போது தன்னார்வலர்கள் வந்து திரும்பப் பூசுகிறார்கள். எம்.பி.க்கள் ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படும் இடம் அது. சரியான இடம்தான்.

அந்தக் கிறிஸ்துமஸில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிய விதத்தையும் மறக்கக் கூடாது. பிரான்ஸ் தன் எல்லையை மூடியதால் கென்ட்டில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு போய்ச் சேரத் துடித்தவர்கள் லாரிக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். கிரேவ்சென்ட் குருத்வாராவில் கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும் சமைத்து, கால்சா எய்ட் என்ற தொண்டு அமைப்பினர் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தார்கள். ரோமில் இரவு 10 மணி ஊரடங்கு இருந்ததால் போப் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் முந்தைய இரவுத் திருப்பலியை 7.30 மணிக்கே நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் நிறையும் புனித பேதுரு பேராலயத்தில் இருநூறுக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். இங்கிலாந்துத் தேவாலயங்களில் சபையார் சேர்ந்து பாட அனுமதியில்லை. முகக்கவசத்துக்குள் உதடு மட்டும் அசைத்தவர்கள் எத்தனை பேரோ.

இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. நம் ஊர்க் கோவில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. இரண்டு நாளில் வந்த சித்திரைப் பிறப்பும் அடுத்த மாதம் வந்த ரம்ஜானும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அப்போது நம்மில் பலர் தாத்தா பாட்டிகளைக் கடைசியாகப் பார்க்காமலே வழியனுப்பினோம். அடக்கத்துக்கு நாலு பேர் கூட இல்லாத வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. அந்த வீட்டாரிடம் யாரும் உட்கார்ந்து முழுதாகத் துக்கம் விசாரிக்கவில்லை. விசாரிக்க முடியவில்லை.

இந்தப் பண்டிகை நாட்களில் அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் சொந்தத்தில் பெருந்தொற்றின் அந்த இரண்டு வருஷத்தில் ஒருவரை இழந்த வீடு எது என்று யோசியுங்கள். போன் வேண்டாம், நேரில் போங்கள். கேக்கோ முறுக்கோ ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போய், போனவரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ஊரடங்கில் நீங்கள் கழித்த பண்டிகையைப் பற்றியும் எங்களுக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களில் சிலவற்றைப் பிப்ரவரி இதழில் வெளியிடுகிறோம்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்