டிராம்பே தரும் சான்று

வெள்ளை மாளிகையில் ஜனநாயகக் கட்சி அமர்ந்தால் இந்தியாவுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. மும்பை செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அனுபவம் வேறு.

முதல் அடி மும்பைக்கு வடக்கே தாராப்பூர் அணு மின் நிலையத்தின்மீது விழுந்தது. அதற்கு 30 ஆண்டுகள் யுரேனியம் தருவதாக 1963-இல் கையெழுத்திட்டது அமெரிக்கா. கார்ட்டர் ஆட்சியில் 1978-இல் இயற்றப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடுப்புச் சட்டம் அதை முடக்கியது. 1982-இல் பிரான்ஸ் கைகொடுத்தது. பொக்ரான் சோதனையை அடுத்து, 1998-இல் கிளிண்டன் அரசு டிராம்பே மையத்தையே தடைப் பட்டியலில் சேர்த்தது. அது நீங்கியது 2025 ஜனவரியில், பைடன் பதவி விலக ஐந்து நாள்கள் இருந்தபோது! இடையில் 2008-இல் அணுசக்தி உடன்பாட்டை முடித்தவர் குடியரசுக் கட்சியின் புஷ். இராக்கைச் சீரழித்த அதே புஷ்.

அமெரிக்கத் தாராளவாதிகளின் அச்சம் ஆதாரமற்றதல்ல. 1974 சோதனைக்கான புளூட்டோனியம் டிராம்பேயின் சைரஸ் உலையில் கிடைத்தது. அந்த உலைக்குக் கனநீர் தந்தது அமெரிக்கா, அதுவும் அமைதிப் பணிக்காக. ஆனால் இஸ்ரேலின் அணுகுண்டு பற்றி மட்டும் அவர்களது அரசுகள் வாய் திறப்பதில்லையே, அது எந்த அறம்?

2025 டிசம்பரில் நமது நாடாளுமன்றம் அணு மின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அமெரிக்க உலைகளை வாங்குமுன், அவற்றின் ஆயுட்காலம் முழுமைக்குமான எரிபொருள் இருப்பை நம் மண்ணிலேயே சேர்த்துவைக்க மத்திய அரசு வழி செய்ய வேண்டும். 2008 உடன்பாடே அதற்கு இடமளிக்கிறது.