வாசலோடு நிற்கிற ஆண்கள்

மலாக்கா மாநிலத்தின் செலண்டார் பக்கம் அரசாங்கக் கிளினிக் எதன் வாசலிலாவது காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். உள்ளே நாற்காலிகளில் பெண்கள். மடியில் குழந்தை, கையில் கிளினிக் புத்தகம், தோளில் துணிப்பை. வெளியே மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார் கணவர். மனைவியைக் கொண்டுவந்து விட்டவர். அவள் மருந்துப் பையோடு வெளியே வந்ததும் ஏற்றிக்கொண்டு போவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். அப்பாவுக்கு இனிப்புநீர் இருந்தது. அண்ணனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் இடையே இருபது அடி. அந்த இருபது அடியை அவர் நடப்பதில்லை.

ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "எனக்கென்னங்க, நல்லாத்தானே இருக்கேன்."

இந்தப் பதிலைத்தான் இன்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அதில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஆய்வுக்காரர்கள் வீடு தேடி வந்து விரலில் ஊசி குத்திய அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. அதுவரை அவர்களும் நல்லாத்தான் இருந்தார்கள். இந்தியர்களிடம் மட்டும் கணக்கெடுத்தால் 31.4 விழுக்காடு. கல்யாண வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று இலையில் பாயசம் விஷம் என்று பொருள். எந்த மூன்று இலை என்பது பலருக்குத் தெரியாது.

பெண்ணுக்கும் ஆணுக்கும் இந்த நாட்டில் ஆயுள் கணக்கே வேறு. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பிறக்கும் ஆண் குழந்தைக்கு 71.3 வயது, பெண் குழந்தைக்கு 75.8. மூன்று பெரிய இனங்களின் ஆண்களில் கடைசியில் நிற்பவர் இந்திய ஆண். எல்லாவற்றையும் சோதனைக்குப் போகாததன் தலையில் கட்டிவிட முடியாது. சாலை விபத்து இருக்கிறது, வேலையிடத்து ஆபத்து இருக்கிறது. சிகரெட் இருக்கிறது: அதே 2019 ஆய்வில் ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைத்தார்கள், பெண்களில் 1.2. ஆனால் மாரடைப்போடு இந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்கிறவர்களில் ஐந்தில் நால்வர் ஆண்கள் என்று இருதயநோய்ப் பதிவேடு சொல்லும்போது, மரத்தடி மோட்டார்க்காரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவரை ஊசியைக் கண்டு மிரண்டவர் என்றும் சொல்வதற்கில்லை. செங் சன்னாசிமலைக் கோயிலில் மாசிமகத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாம். நாக்கில் வேல் ஏறும்போது கண் சிமிட்டாதவர், விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். வலிக்குப் பயமில்லை. அந்தச் சின்னக் கருவியில் வரப்போகும் எண்ணுக்குத்தான் பயம்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மலேரியா காலத்தில் தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட கையோடு கொயினா மருந்து கொடுத்து, தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்தும் அனுப்பினார்கள். கூலியின் உடம்பு தோட்டத்தின் முதல். காய்ச்சலில் படுத்தவன் கித்தா (ரப்பர்) மரம் சீவமாட்டான். ஆகவே துரைக்கு அக்கறை. தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே மருந்து கொடுத்த டிரெஸர் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, டிரெஸர் போனார், பிள்ளைகள் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கும் லோரி வேலைக்கும் போனார்கள். உடம்பு முதன்முறையாக அவரவர் கைக்கு வந்தது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று ஆணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெண்ணுக்குச் சொல்லித் தந்தார்கள். கர்ப்பம் தரித்ததும் தாய்சேய் கிளினிக்கில் பெயர் பதிவாகிறது, புத்தகம் கிடைக்கிறது. ஆபத்து எவ்வளவு என்று காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி ஒட்டுகிறார்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தச்சோகை எல்லாம் மாதாமாதம் பார்க்கப்படுகின்றன. தேதி தப்பினால் மிஸ்ஸி (தாதி) வீடு தேடி வந்துவிடுவார். இரண்டு பிள்ளை பெற்றவளுக்குள் கிளினிக்குக்குப் போகும் பழக்கம் ஊறிவிடுகிறது. ஆணுக்கு அப்படியொரு வாசலே திறந்ததில்லை. அவரைத் தேடி எந்த மிஸ்ஸியும் லயத்துக்கு வந்ததில்லை.

இது காரணம்தான், சாக்கு ஆகாது. ஏனென்றால் வாசல் இப்போது திறந்திருக்கிறது. 2013 முதல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, நாற்பது வயதான சந்தாதாரருக்கு இலவசச் சோதனைச் சீட்டை வீட்டுக்கே அனுப்பியது. எத்தனை வீட்டில் அது மின்சார பில்லோடு சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது என்பது நமக்குத் தெரியும். 2019-இல் பெக்கா பி40 திட்டம் வந்தது. அரசாங்க உதவித்தொகை வாங்குபவரும் அவர் துணையும் நாற்பது வயதை எட்டியிருந்தால் இப்போது காசில்லாமல் சோதனை. தேவைப்பட்டால் மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை. புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 ரிங்கிட். போக்குவரத்துக்கு 500 ரிங்கிட். உதவித்தொகை வங்கியில் ஏறிய அன்று வரிசையில் முதலில் நிற்கிற அதே ஆள், அதோடு சேர்ந்து வந்த சோதனையைத் தொடவில்லை என்றால் அதற்குத் துரையைக் குறை சொல்ல முடியாது.

ஒருவர் இழந்த காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் பேர் வேண்டாம்; இதைப் போல இந்த வட்டாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலாவது தெரிந்திருக்கும். செம்பனைக் குலை வெட்டுகிறவர். ரப்பர் சப்பாத்துக்குள் முள் ஏறியிருக்கிறது. வலிக்கவில்லை. பல வருஷமாகக் கவனிக்காத சர்க்கரை பாதத்தின் நரம்பை ஏற்கெனவே மரக்கச் செய்திருந்தது. வலி இல்லாததே நோயின் அடையாளம் என்று அவருக்கு யார் சொல்வது? நான்கு நாள் கழித்துக் காலுறையில் ஈரத்தையும் வாடையையும் கண்டது மனைவிதான். மஞ்சள் வைத்துக் கட்டினாள். கிளினிக்குப் போகலாம் என்றாள். சம்பள நாள் தாண்டட்டும் என்றார் அவர். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, "சர்க்கரையா, எனக்கா" என்று கேட்டார்.

போன அந்தக் கால் அவருடையது மட்டும் என்று நினைத்தால் தப்பு. மனைவி இருந்த வேலையை விட்டாள். படிவம் ஐந்து முடித்த மகள் மேற்படிப்பைத் தள்ளிவைத்துச் சுப்பர் மார்க்கெட்டில் காசாளர் ஆனாள். சிறுநீரகம் கெட்டவர் வீட்டில் இன்னும் மோசம்: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ், அதோடு ஜாசினுக்கோ மலாக்காவுக்கோ போய்வரும் பாடு. சொக்சோ சந்தா ஒழுங்காகக் கட்டியவருக்கு அதன் கைகொடுப்பு உண்டு. கைக்காசுக்கு லோரி ஓட்டியவருக்கு மனைவியின் தாலிதான் சந்தா.

ஆகவே நம் தீர்ப்பை மழுப்பாமல் சொல்கிறோம். நாற்பதைத் தாண்டி, பக்கத்தில் கிளினிக் இருந்தும் தன் உடம்பைச் சோதித்துக்கொள்ளாத குடும்பத்தலைவன், குடும்பத்துக்குத் துரோகம் செய்கிறான். "என் உடம்பு, என் இஷ்டம்" என்ற வாதம் படுக்கையில் விழும் நாள்வரைதான் செல்லும். விழுந்தபிறகு அந்த உடம்பைப் புரட்டிப் படுக்கவைப்பது இன்னொருத்தி கை. சோதனைக்குப் போகாததை ஆண்மை என்று கோப்பிக் கடையில் சொல்லிச் சிரிக்கிறவர்களும் இந்தத் துரோகத்துக்குக் கூட்டு.

பெண்களைத் தூக்கி மேடையில் வைப்பதும் நம் நோக்கமன்று. அவர்கள் கிளினிக்குக்குப் போனதில் பாதி, பிள்ளைக்காகவும் மாமியாருக்காகவும் போனது. கடைசிப் பிள்ளைக்குத் தடுப்பூசி முடிந்ததும் அவர்களில் பலரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனை இந்த நாட்டுக்கு வந்தது 1969-இல். ஏறத்தாழ ஐம்பது வருஷமாகியும் கூச்சம் தடுத்தது என்பதால்தான், பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுத்து முடிவைக் கைப்பேசியில் பெறும் ரோஸ் திட்டத்தை 2018-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று தொடங்க வேண்டியிருந்தது. அடுத்தவருக்காகப் போவதும் தனக்காகத் தயங்குவதுமாக அவள் நிற்கிறாள். அவரோ எவருக்காகவும் போவதில்லை.

முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. காய்ச்சலுக்கு எம்சி என்ற மருத்துவ விடுப்பு உண்டு; காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள அரைநாள் கிடையாது. நாள்சம்பளக்காரர் காலையில் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போயிற்று. அரசாங்கம் 2018-இல் ஆண்கள் நலனுக்கென்றே ஐந்தாண்டுத் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. லயத்துக் குடியிருப்பில் அதைக் கேள்விப்பட்டவரை விளக்கு வைத்துத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்; 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அங்கேயும் படியேறி வருகிற தன்னார்வலர் பெண்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் சோதனை ஆளைத் தேடிப் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

செலண்டார், புக்கிட் ஆசாஹான், பத்தாங் மலாக்கா வட்டாரக் கோயில் நிர்வாகங்களைக் கேட்கிறோம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் பந்தலும் போடத் தெரிந்த நீங்கள், அதே பந்தலில் காலை அன்னதானத்துக்கு முன் ஒரு மேசை போட்டு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சுகாதார அலுவலகத்தை அழையுங்கள். முதல் ஆளாகத் தலைவர் கையை நீட்டட்டும். கூச்சம் போக அதைவிட வழியில்லை. தோட்ட நிர்வாகங்கள் வருஷத்துக்கு ஒருமுறை, கூலி பிடிக்காமல் அரைநாள் கொடுக்கட்டும். கொயினா காலத்தில் செய்ததைவிட இது சின்ன வேலை.

வீட்டுப் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். அவருடைய மாத்திரையை அவருக்குப் பதிலாகப் போய் வாங்கி வராதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவருடைய அடையாள அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. வாசலுக்கு எதிர்க்கடையில் ஒரு தே தாரிக்கின் விலை அதைவிட அதிகம்.